மெட்ரோ வாசலிலிருந்து தெருமுனை வரை: சிறிய மின்பேருந்துச் சேவையைத் தொடங்க முழு வழிகாட்டி

மெட்ரோ நிலையத்துக்கும் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கும் இடையே ஓடும் இணைப்புப் பேருந்தின் சராசரி வேகம், முனையத்தில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால், மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. இந்த ஒரு எண்ணை மறந்துவிட்டுப் பேருந்து வாங்கப் போனால் பேட்டரி அளவு, சார்ஜர், ஒப்பந்தம் என எல்லாமே தப்பாகிவிடும். பெரிய சாலையில் ஓடும் 12 மீட்டர் பேருந்துக்குப் போட்ட கணக்கைச் சுருக்கி 9 மீட்டர் பேருந்துக்குப் பொருத்துவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

பெங்களூருவில் 2021 டிசம்பரில் ஓடத் தொடங்கிய 90 ஒன்பது மீட்டர் மின்பேருந்துகளும், டெல்லியில் 2025 மே மாதம் 'தேவி' என்ற பெயரில் வந்தவையும் இந்த வகை. சென்னையில் 2013 அக்டோபரில் 'எஸ்' எண்களோடு வந்த சிற்றுந்துகள் இதே வேலையை டீசலில் செய்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய 120 மின்பேருந்துகள் 12 மீட்டர் நீளமானவை. உட்தெருக்களுக்கு அவை போகாது.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே மாதிரித் திட்டத்துக்கானவை: நான்கு வழித்தடங்கள், தடத்துக்கு 6 பேருந்து, ஆக 24 ஷெட்யூல் (ஒரு பேருந்தின் ஒரு நாள் ஓட்டம் ஒரு ஷெட்யூல்), உபரியாக 2 பேருந்து. உங்கள் எண்களைப் போட்டு இதே வரிசையில் கணக்கிடுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். பேருந்தைத் தேர்வு செய்வது நடுவில்தான் வரும்.

முதல் படி: தெருவை அளப்பது

வரைபடத்தில் கோடு போட்டு வழித்தடம் முடிவு செய்யாதீர்கள். ஒரு பழைய மினி பஸ்ஸை எடுத்துக்கொண்டு காலை 8 மணி, மதியம் 2 மணி, மாலை 6 மணி என மூன்று வேளையும் ஓட்டிப் பாருங்கள். 3.6 மீட்டர் உயரத்தில் குறி போட்ட மூங்கில் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்பேருந்தின் கூரையில் ஏசி இருக்கும், சில மாடல்களில் பேட்டரியும் அங்கேதான். தாழ்ந்த கேபிள் வயர், மரக்கிளை, கோயில் திருவிழா வளைவு எல்லாம் டீசல் மினி பஸ்ஸுக்குத் தொந்தரவு தராமல் இதற்கு மட்டும் தரும்.

பேருந்தின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். இரண்டு பேருந்துகள் எதிரெதிரே கடக்க, வண்டிகள் நிறுத்தியது போக 6 மீட்டர் மிச்சம் வேண்டும். கிடைக்காத தெருவில் ஒருவழிச் சுற்றாகப் பாதையை அமையுங்கள். வேகத்தடைகளையும் எண்ணுங்கள். சாலைத் தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் உயரம் 10 சென்டிமீட்டர்தான். தெருக்காரர்கள் சேர்ந்து போட்டதற்கு எந்த அளவும் கிடையாது. தாழ்தளப் பேருந்தின் வாசல் தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டரில் இருக்கும்; அடிப்பகுதி அதற்கும் கீழே என்பதால் உயரமான தடையில் உரசும். சக்கர நாற்காலிப் பயணிகளுக்காகத் தாழ்தளத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. ஆகவே தடையைச் சரிசெய்யச் சொல்லி மாநகராட்சிக்கு இப்போதே பட்டியல் கொடுங்கள். பேருந்து வந்தபின் கொடுத்தால் அது நடக்காது.

மழைக்காலத்தில் எங்கே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் என்று தெருமுனை டீக்கடையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களுக்கு மாற்றுப் பாதை முன்கூட்டியே அட்டவணையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: அட்டவணையிலிருந்து யூனிட் கணக்கு

நமது மாதிரித் தடம் ஒரு சுற்றுக்கு 12 கிலோமீட்டர். முனையத்தில் நிற்பது உட்பட ஒரு மணி நேரம் ஆகும். 6 பேருந்து இருந்தால் 10 நிமிடத்துக்கு ஒன்று. மெட்ரோ இறங்கி வருபவர் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார். ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவார். கடைசி நடை, கடைசி ரயில் வந்து 10 நிமிடம் கழித்துக் கிளம்ப வேண்டும். அதற்கு முன்பே கிளம்பும் இணைப்புப் பேருந்தை மாலையில் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு பேருந்து நாளைக்கு 15 சுற்று: 180 கிலோமீட்டர். பணிமனை 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; காலையில் போய், மதியம் வந்து திரும்பிப் போய், இரவு வந்தால் வெற்று ஓட்டம் 16. மொத்தம் 196 கிலோமீட்டர், சுமார் 16 மணி நேரம்.

இனி மின்சாரத்தை இரண்டாகப் பிரியுங்கள். சக்கரத்தைச் சுழற்றும் மின்சாரம் கிலோமீட்டருக்கு ஏற்ப ஆகும்: 9 மீட்டர் பேருந்துக்கு, கூட்டத்தோடு, கிலோமீட்டருக்கு 0.6 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம்) என்று வைக்கலாம். ஏசியும் துணைக் கருவிகளும் தூரத்தைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கின்றன. ஏசி மே மாத வெயிலில் சராசரி 6 கிலோவாட். ஸ்டீயரிங் பம்ப், காற்று கம்ப்ரசர், விளக்கு, டிக்கெட் கருவி எல்லாம் சேர்த்து 1.5 கிலோவாட்.

சக்கரத்துக்கு 196 × 0.6 = 118 யூனிட். ஏசிக்கு 16 × 6 = 96. துணைக் கருவிகளுக்கு 16 × 1.5 = 24. மொத்தம் 238 யூனிட். ஏசி இல்லாவிட்டால் 142.

தூரத்துக்கு ஆகும் மின்சாரமும் நேரத்துக்கு ஆகும் மின்சாரமும் ஏறக்குறைய சமம் என்பதைக் கவனியுங்கள். இதே பேருந்து மணிக்கு 25 கிலோமீட்டரில் ஓடியிருந்தால் ஏசிக்கு ஆகும் யூனிட் பாதியாகக் குறைந்திருக்கும். விற்பனையாளர் காட்டும் 'ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர்' என்ற எண், வேகமான சாலையில், பெரும்பாலும் ஏசி இல்லாமல் அளந்தது. அவரிடம் கிலோமீட்டரைக் கேட்காதீர்கள். 'ஏசி போட்டுக்கொண்டு எத்தனை மணி நேரம்' என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: பேட்டரி

200 யூனிட் பேட்டரி என்றால் 200 யூனிட்டும் கைக்கு வராது. அடியில் இருப்பு, மேலே முழுதாக ஏற்றாமல் விடும் இடம் என 20 சதவீதத்தைக் கழித்தால் 160. சில ஆண்டுகள் ஓடித் திறன் 80 சதவீதமாகத் தேய்ந்தபின் 128. திட்டத்தை 128-ஐ வைத்துத்தான் போட வேண்டும். ஒப்பந்தம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடப் போகிறது.

ஏசி இல்லாப் பேருந்துக்கு 142 யூனிட் வேண்டும். புதிதாக இருக்கும்போது இரவுச் சார்ஜே போதும், பழசானால் மதியம் கொஞ்சம் ஏற்றினால் சமாளிக்கும். ஏசி பேருந்துக்கோ புதிதிலேயே 78 யூனிட் குறைகிறது, பழசானபின் 110. அதற்காக 300 யூனிட் பேட்டரி கேட்காதீர்கள். கூடுதல் எடையை நாள் முழுக்கச் சுமக்க வேண்டும், தாழ்தளத்தில் இடம் போகும், டயர் தேயும். மதியச் சார்ஜ்தான் மலிவு.

வேதியியலில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் போதும். இந்தியப் பேருந்துகளில் அதுவே பரவலாக இருக்கிறது. வெப்பத்தைத் தாங்கும், சுற்றுகளும் அதிகம். அதன் குறை ஒன்று உண்டு: இருப்பு 80 சதவீதமாக இருந்தாலும் 40 ஆக இருந்தாலும் மின்னழுத்தம் பெரிதாக மாறாது. அதனால் டாஷ்போர்டில் காட்டும் சதவீதம் நாளடைவில் நழுவிவிடும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேருந்து திடீரென நடுத்தெருவில் நிற்பது இதனால்தான். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பேருந்தையும் மெதுவாக 100 சதவீதம் வரை ஏற்றி, செல்கள் சமனாகும்வரை கன்னை (சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும் செருகியை) கழற்றாமல் விடுங்கள். எந்தப் பேருந்துக்கு எந்த இரவு என்று பணிமனைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

நான்காம் படி: மதியச் சார்ஜ் எங்கே

முனையத்தில் சார்ஜர் வைப்பது காகிதத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில் நிலம் வேறு துறையுடையது, மின் இணைப்பு தனி, இரவுக் காவல் தனி. சார்ஜர் பழுதானால் ஆள் போய்ச் சேரவே அரைநாள். பணிமனை 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் அங்கேயே கொண்டுவாருங்கள். மதியம் ஒன்றரை மணி வாக்கில் ஓட்டுநரும் நடத்துநரும் ஷிப்ட் மாறத்தான் போகிறார்கள். அந்த மாற்றத்தைப் பணிமனையிலேயே வைத்தால், இறங்கும் குழு கன்னைச் செருகும், ஏறும் குழு கழற்றும்.

எல்லாப் பேருந்தும் ஒரே நேரத்தில் வரக் கூடாது. 11 முதல் 4 மணி வரை 24 பேருந்தையும் படிப்படியாக இறக்குங்கள். அந்த நேரத்தில் கூட்டமும் குறைவு. 2023இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணையில் அந்தச் சலுகை எந்த வகை இணைப்புக்கு, எந்த மணிகளுக்கு என்று பார்த்து அட்டவணையை நகர்த்துங்கள்.

ஐந்தாம் படி: பணிமனைக்கு எவ்வளவு மின்சாரம்

இரவில் ஒரு பேருந்துக்கு அதிகபட்சம் 160 யூனிட், 24-க்கு 3,840. பத்தரைக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்பினாலும், கழுவுதல், கூட்டுதல், இடம் மாற்றுதல் போக 5 மணி நேரம்தான் உருப்படியாகக் கிடைக்கும். 3,840 ÷ 5 = 768 கிலோவாட். சார்ஜரில் 6 சதவீதம் இழப்பு, திறன் காரணி (வாங்கும் மின்திறனில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.95 என்று வைத்தால் சுமார் 860 கே.வி.ஏ. (மின் இணைப்பின் திறனை அளக்கும் அலகு). விளக்கு, வாட்டர் வாஷ், பட்டறைக்கு 60. ஆக 920.

இதற்கு 11 கே.வி. உயரழுத்த இணைப்பும், 630 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இரண்டும் போடுங்கள். 1,000 கே.வி.ஏ. ஒன்றே போதுமே என்று தோன்றும். அது ஒருநாள் கெட்டால் மறுநாள் காலை ஒரு பேருந்தும் வெளியே போகாது. இரண்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்குப் பேருந்துகளாவது கிளம்பும்.

சார்ஜர்: 120 கிலோவாட், இரட்டைக் கன், சி.சி.எஸ். 2 வகை (வேகச் சார்ஜுக்கான செருகி வகை), 13 எண்ணிக்கை. பேருந்துக்கு ஒரு கன். இரண்டு பேருந்துக்கு ஒரு கன் என்று மிச்சம் பிடித்தால், நள்ளிரவில் பேருந்துகளை மாற்றி மாற்றி நிறுத்தத் தனியாக ஓட்டுநர்கள் வேண்டும். அந்தச் சம்பளம் மிச்சம் பிடித்ததைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். இருட்டில் உரசிக்கொள்ளும் பேருந்துகள் வேறு.

சார்ஜ் மேலாண்மை மென்பொருள் இல்லாமல் இணைப்பை உயிர்ப்பிக்காதீர்கள். 24 பேருந்தும் பத்தரை மணிக்கு ஒன்றாகச் செருகப்பட்டு, ஒவ்வொன்றும் 60 கிலோவாட் இழுத்தால் 1,440 கிலோவாட், கே.வி.ஏ. கணக்கில் 1,600-ஐத் தாண்டும். டிரான்ஸ்பார்மர் டிரிப் ஆகும். ஆகாவிட்டாலும், எவ்வளவு கே.வி.ஏ. இழுக்கிறோம் என்று அளக்கும் டிமாண்ட் மீட்டர் 15 அல்லது 30 நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்துகொண்டிருக்கும்; மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட அளவை மாதத்தில் ஒரே ஒரு இரவு மீறினாலும் அந்த மாதம் முழுமைக்கும் அதற்கான தண்டத்தொகை வரும். மென்பொருளில் 950 கே.வி.ஏ. என உச்சவரம்பு போட்டு, காலை முதலில் கிளம்பும் பேருந்துக்கு முன்னுரிமை கொடுங்கள். சார்ஜர்கள் ஓ.சி.பி.பி. நெறிமுறையில் (எந்த நிறுவனத்தின் சார்ஜரும் எந்த மென்பொருளோடும் பேச உதவும் பொது மொழியில்) பேச வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் காலம் முழுக்க மாட்டிக்கொள்வீர்கள்.

மின்வாரியத்துக்கு விண்ணப்பத்தைப் பேருந்து ஆர்டருக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பேருந்துகள் வந்து வரிசையாக நின்று தூசி பிடிப்பதற்குப் பொதுவான காரணம் மின் இணைப்பு வராததுதான்.

ஆறாம் படி: தரைவேலை

2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் சார்ஜர் மேடை எவ்வளவு உயரம் என்று பொறியாளர் கேட்கத் தேவையில்லை: சுவரில் தெரியும் வெள்ளக்கறைக்கு மேல் அரை மீட்டர். டிரான்ஸ்பார்மரும் சுவிட்ச் பெட்டியும் அதே மட்டத்தில். கேபிள் பள்ளத்துக்கு வடிகால் சரிவு வேண்டும். இல்லாவிட்டால் அது தொட்டியாகிவிடும்.

பேருந்தின் சார்ஜ் வாய் எந்தப் பக்கம் என்று உறுதியான பிறகே மேடை போடுங்கள். கன் கேபிள் 5 முதல் 7 மீட்டர்தான். வாய் மறுபக்கம் இருந்தால் கேபிள் பேருந்தைச் சுற்றித் தரையில் கிடக்கும், அடுத்த பேருந்து அதன்மேல் ஏறும். மேடைக்கு முன் இரும்புக் குழாய்த் தடுப்பும், சக்கரத்தை நிறுத்தக் கான்கிரீட் கட்டையும் கட்டாயம். கன்னைத் தரையில் போடாமல் மாட்டக் கொக்கி வையுங்கள்; மணல் புகுந்த முனைகள் சூடேறி, சார்ஜர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஏழாம் படி: ஒப்பந்தம்

இப்போது பெரும்பாலும் மொத்தச் செலவு ஒப்பந்தம்தான்: தனியார் பேருந்து வாங்கி, ஓட்டுநரோடு ஓட்டித் தருகிறார்; போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்து, டிக்கெட் பணத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. 2022இல் ஐந்து நகரங்களுக்காக 5,450 பேருந்துகளுக்கு நடந்த கூட்டு டெண்டரில் 9 மீட்டருக்கு வந்த குறைந்த விலை 39.21 ரூபாய், 12 மீட்டருக்கு 43.49 ரூபாய். பெங்களூருவின் முதல் 90 பேருந்துகளுக்கு 51.67 ரூபாயும், நாளுக்கு 180 கிலோமீட்டர் உறுதியும் ஒப்பந்தத்தில் இருந்தன.

அந்த 180-தான் கண்ணி. மணிக்கு 12 கிலோமீட்டர் ஓடும் தடத்தில் 180 எட்ட 15 மணி நேரம் ஓட வேண்டும். நெரிசல் கூடி வேகம் 10 ஆனால் 150-தான் ஓடும். ஓடாத 30-க்கும் ஒப்பந்தப்படி பணம் போகும். எண்ணிக்கையை எட்டுவதற்காகக் கூட்டமில்லாத பைபாஸில் பேருந்தைச் சுற்றவிடும் அவலமும் நடக்கும். முதல் படியில் மூன்று வேளை ஓட்டி அளந்த வேகத்தை வைத்து உறுதித் தூரத்தை நிர்ணயியுங்கள். முடிந்தால் கட்டணத்தையே இரண்டாகப் பிரித்து, பேருந்து சேவையில் இருக்கும் மணிக்கு ஒன்று, ஓடும் கிலோமீட்டருக்கு ஒன்று என்று எழுதுங்கள். பேரம் பேசக் கொஞ்சம் சிரமம், ஆனால் இரு தரப்புக்கும் நியாயமானது.

மின்கட்டணத்தைக் கழகம் கட்டுவதானால், கிலோமீட்டருக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் போனால் யார் பொறுப்பு என்று இருக்க வேண்டும். நமது தடத்தில் ஏசி பேருந்துக்கு அது 1.2 வரை நியாயமாகவே போகும். யூனிட்டை எங்கே அளப்பது என்பதையும் எழுதுங்கள்: சார்ஜரின் உள்வாயிலா, கன்னிலா, பேருந்தின் டாஷ்போர்டிலா? மூன்றும் மூன்று எண் காட்டும்.

பணம் தாமதமாகும் என்ற பயத்தையும் சேர்த்துத்தான் டெண்டர்காரர் விலை போடுகிறார். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 3,435 கோடி ரூபாய்க் கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தில், கழகம் தவறினால் நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு மாநிலத்திடம் பிடித்துக்கொள்வார்கள். அதில் சேர்வது விலையைக் குறைக்கும்.

எட்டாம் படி: ஏற்கும் முன் சோதனை

முதல் பேருந்து வந்ததும் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பயணிக்கு 68 கிலோ வீதம் 35 பேர் எடை என்றால் 2,380 கிலோ. 50 கிலோ மணல் மூட்டை 48 ஏற்றுங்கள். ஏசியை 24 டிகிரியில் வைத்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் கதவைத் திறந்து மூடி, உண்மையான தடத்தில் ஒரு முழு நாள் ஓட்டுங்கள். கதவு திறப்பதை விட்டுவிட்டால் ஏசி கணக்கு பொய்யாகிவிடும். பிறகு ஒவ்வொரு சார்ஜரோடும் ஒவ்வொரு பேருந்தையும் இணைத்துப் பாருங்கள். 26 × 13 என்றால் அலுப்பான வேலைதான். ஆனால் பேருந்துக்கும் சார்ஜருக்கும் மென்பொருள் பதிப்பு ஒத்துப்போகாமல் சார்ஜ் தொடங்காமல் நிற்பது அப்போதுதான் தெரியும், நள்ளிரவில் தெரிவதைவிட நல்லது.

ஒன்பதாம் படி: ஓட்டுநர்

டீசலில் இருந்து வருபவர் ஆக்சிலரேட்டரை மிதித்து, கடைசி நொடியில் பிரேக் பிடிப்பார். மின்பேருந்தில் காலை முன்கூட்டியே தளர்த்தினால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தரும். இரண்டு நாள் பயிற்சி, பிறகு மாதம் ஒருமுறை ஒவ்வொருவரின் யூனிட் கணக்கைக் காட்டிப் பேசுவது போதும். தண்டனையாக அதை ஆக்கினால் ஏசியை அணைத்துவிட்டு ஓட்டத் தொடங்குவார்கள். சத்தமில்லாத வண்டி என்பதால் முதல் மாதங்களில் நிலைய வாசலில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வையுங்கள்.

என்ன கெடும், ஏன்

காலையில் பேருந்து கிளம்பவில்லை என்றால் பெரிய பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் 24 வோல்ட் சாதா பேட்டரியைப் பாருங்கள். பெயர்ப்பலகையும் கேமராவும் இரவு முழுக்க அணையாமல் இருந்து அதைக் காலி செய்திருக்கும். காற்று கம்ப்ரசர் ஓயாமல் ஓடினால் எங்கோ கசிவு. கதவின் சிலிண்டர், சஸ்பென்ஷன் பை இரண்டையும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். யூனிட் கணக்கு திடீரென ஏறினால் ஏசி கண்டென்சரில் தூசி. வாரம் ஒருமுறை கழுவுங்கள். பேட்டரி குளிரூட்டும் திரவத்தின் மட்டம் அடிக்கடி இறங்கினால் ஊற்றி ஊற்றி ஓட்டாமல் கசிவைத் தேடுங்கள்.

மழைக்குப் பிறகு 'இன்சுலேஷன்' எச்சரிக்கை (உயர் மின்னழுத்தம் பேருந்தின் உடலுக்குக் கசிகிறது என்ற எச்சரிக்கை) வருவதும் சகஜம். வோல்ட்டுக்கு 500 ஓம் என்ற கணக்கில் 600 வோல்ட் பேருந்துக்கு 3 லட்சம் ஓமுக்குக் கீழே போனால் அது உண்மையான ஆபத்து. கனெக்டரில் ஈரம், ஹீட்டர், கம்ப்ரசர் என ஒவ்வொன்றாகக் கழற்றி எது என்று பிடிக்க வேண்டும். எச்சரிக்கையை அழித்துவிட்டு வண்டியை அனுப்பக் கூடாது. ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடும் முன்: சாவி நீக்கி, சர்வீஸ் துண்டிப்பை (பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் செருகியை) கழற்றிப் பையில் போட்டு, 10 நிமிடம் காத்திருந்து, 1,000 வோல்ட் தரமுள்ள மீட்டரால் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். காற்று ஊதிச் சோதித்த ரப்பர் கையுறை, பக்கத்தில், மின்சாரம் தாக்கினால் இழுத்து மீட்க, மின்காப்புக் கொக்கியோடு இன்னொருவர். தனியாக யாரும் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

பணிமனையின் ஒரு மூலையில், மற்றப் பேருந்துகளிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் 15 மீட்டர் தள்ளி ஓரிடத்தைக் காலியாக விட்டுவையுங்கள். விபத்தில் அடிபட்டது, வெள்ளத்தில் நின்றது, பேட்டரிச் சூட்டு எச்சரிக்கை வந்தது எதுவானாலும் அங்கேதான் நிற்க வேண்டும், சார்ஜ் போடாமல், குறைந்தது இரண்டு நாள். பேட்டரித் தீ அணைந்தபின்னும் உள்ளே சூடேறி மீண்டும் பற்றும். அதை அடக்கப் பவுடர் சிலிண்டர் உதவாது. நிறையத் தண்ணீர் வேண்டும். அந்த மூலைக்குப் பக்கத்தில் தீயணைப்பு வண்டி இணைக்கக்கூடிய குழாய் வாய் இருக்கட்டும். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தாரை ஒருநாள் வரவழைத்து, துண்டிப்பு சுவிட்ச் எந்தப் பேருந்தில் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.